ஒன்பது வருட மாத்திரை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. உங்கள் பஸ் டெப்போவின் பெண்கள் ஓய்வறை முகவரிக்கே அனுப்புகிறேன். ஒன்பது வருடமாக மாத்திரைப் பொட்டலம் வந்து சேர்ந்த இடத்துக்கு இதுவும் பத்திரமாக வந்து சேரும்.

நேற்று உங்கள் கைபேசிக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். கடைசியில் எடுத்தது அண்ணன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "நீ அனுப்பின மாத்திரையாலதான் அவளுக்கு இந்த வியாதி. இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டான். என்ன வியாதி, எந்த அளவில் இருக்கிறது, யார் பார்த்தது, எதுவும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கருப்பை வாய். வேறு என்னவாக இருக்கும்? காலையிலிருந்து மாலை வரை அந்த ஓர் அங்குல இடத்தின் செல்களைத்தானே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் கண்ணாடித் தகடுகள் என் கையைத் தாண்டிப் போகின்றன, நீங்கள் என்னைக் கண்ணாடி என்று கூப்பிடுவதே அதனால்தான். என் அண்ணியின் தகடு ஒருநாளும் எங்கும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

சின்னவள் பிறந்து நான்காவது மாதம் நீங்கள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "அத்தை மூணாவதா பையன் வேணும்னு உட்கார்ந்திருக்காங்க. எனக்கு டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டும் சேர்ந்து நடக்காது" என்றீர்கள். நம் தெரு மருந்துக்கடைக்காரர் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பவர். அதனால் இங்கிருந்து நான் வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு பொட்டலம். பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

இப்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனுக்கு நேற்றே தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். எல்லாத் தவறும் என்னுடையது, அண்ணிக்கு ஒன்றும் தெரியாது, நான் கொடுத்ததை நம்பி விழுங்கினார்கள், திட்டுவதானால் என்னைத் திட்டு என்று எழுதியிருக்கிறேன். இந்த அளவாவது செய்யாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

மருத்துவ அறிக்கையில் இருப்பதை வார்த்தை மாறாமல் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து.

உங்கள்
கண்ணாடி


பிப்ரவரி 10

கண்ணாடிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

உன்னை யார் அப்படி எழுதச் சொன்னது? உன் கடிதத்தை உன் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து அத்தைக்கு வாசித்துக் காட்டினார். "அண்ணிக்கு ஒன்றும் தெரியாது" என்ற இடம் வந்ததும் அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பால் குடிக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு வாரமாக என்மேல் கொதித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். "பாவம், வெகுளிப் பொண்ணு. நம்ம வீட்டுப் பொண்ணே கெடுத்துட்டா" என்றார். அவர் திட்டியதெல்லாம் எனக்குச் சாதாரணம். இந்தத் தடவல்தான் தாங்க முடியவில்லை.

நான் வெகுளியா? நாற்பது அடி நீள வண்டியை நெரிசலான சந்தைத் தெருவில் ஒரு கீறல் விழாமல் திருப்புகிறவள் நான். முதல் பொட்டலத்திலேயே மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டை விரித்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. ஓய்வறையில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. ரத்தக்கட்டு, தலைவலி, மார்பகம், கருப்பை வாய், எல்லாம் போட்டிருந்தது. நீண்ட காலம் எடுத்தால் கருப்பை வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடலாம் என்று இருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஸ்டியரிங்கா, மூன்றாவது பிரசவமா என்று ஒரு தராசு இருந்தது, நான் நிறுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். நீ எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவள், அவ்வளவுதான். ஊட்டிவிட்டவள் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதமாக நாள் தவறி ரத்தம் பட்டது. வண்டிச் சூடு என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்தபடி வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத் துணி துவைத்தது உன் அண்ணன். வீட்டு வேலையில் பங்கெடுக்கும் நல்ல புருஷன் கிடைத்தால் இப்படியும் ஒரு ஆபத்து இருக்கிறது.

அறிக்கையில் இருப்பது: "கருப்பை வாய்ச் செல்களில் உயர்தர மாற்றம், மூன்றாம் படி. ஊடுருவல் இல்லை என்று இந்தத் துண்டை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. கூம்பு வடிவ அறுவை பரிந்துரைக்கப்படுகிறது." அதற்குக் கீழே டாக்டர் கையால், "கருத்தடை மாத்திரை ஒன்பது ஆண்டுகள்" என்று எழுதியிருந்தார். உன் அண்ணன் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

அறுவைக்கு ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்கிறார்கள். உன் அண்ணன் போடுவாராம். ஆனால் அதற்கு முன் அத்தை முன்னால் நின்று, "நான் செஞ்சது தப்பு, அதுக்குத்தான் இந்தத் தண்டனை" என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்ல மாட்டேன். உனக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன், என்னிடம் கெஞ்சாதே.

அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

கெஞ்சத்தான் போகிறேன். திட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் என் தொழில் பேச்சு. அறிக்கையில் இருப்பது இன்னும் புற்றுநோய் என்று முடிவாகவில்லை. அதற்கு முந்தைய கடைசிப் படி. அந்தப் படியில் நிற்பவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் போதும். தாமதித்தால் போதாமல் போகலாம். வெட்டி எடுத்ததை முழுதாகப் பார்த்தால்தான் உள்ளே எங்காவது தாண்டியிருக்கிறதா என்று தெரியும். அதனால் ஒவ்வொரு வாரமும் எனக்குக் கணக்கு. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரை. அண்ணன் சொல்வது பாதிதான் உண்மை. இது வருவதற்குக் காரணம் ஒரு வைரஸ். தாம்பத்தியத்தில் தொற்றுவது. பெரும்பாலானவர்களுக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலருக்கு உள்ளேயே வருடக்கணக்கில் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் ஐந்து வருடத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகளில் தெரிகிறது. நிறுத்தினால் அது வருடா வருடம் இறங்குகிறது. அதே மாத்திரை சூலகத்திலும் கருப்பையின் உள்சுவரிலும் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கவும் செய்கிறது. ஆக, மாத்திரை கொலைகாரனும் இல்லை, பச்சைத்தண்ணீரும் இல்லை. டாக்டரிடம் பேசி நிறுத்திவிடுங்கள். புதுப் பொட்டலம் இனி நான் அனுப்பப்போவதில்லை.

இப்போது என் கோபம். துண்டுச்சீட்டைப் படித்தேன் என்று மார்தட்டுகிறீர்களே, அதே சீட்டில் முறையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் போட்டிருந்திருக்குமே. அதை மட்டும் எறும்பு தின்றுவிட்டதா? உங்கள் டெப்போவுக்கே ஆறு வருடமாகப் பரிசோதனை வண்டி வருகிறது. பெண் ஊழியர்களுக்கென்றே வருகிறது. ஐந்து நிமிட வேலை. ஒரே ஒருமுறை ஏறியிருந்தால் இது முதல் படியிலேயே பிடிபட்டிருக்கும். ஏன் ஏறவில்லை? நாற்பது அடி வண்டியைத் திருப்புகிறவருக்கு அந்தச் சின்ன வேனில் ஏறுவதற்கு என்ன பயம்?

கடைசியாகக் கெஞ்சல். அம்மா முன்னால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தொலையுங்கள். பொய்யாகச் சொல்லுங்கள். மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே சொல்லுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரோஷத்தை உயிரோடு இருக்கிறவர்கள்தான் பார்க்க முடியும். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு ஒன்பது. நான் வேறு யாரை வைத்துக் கெஞ்சுவது?

கண்ணாடி


பிப்ரவரி 22

அன்புள்ள கண்ணாடிக்கு,

இந்த முறை அன்புள்ள போட்டிருக்கிறேன். நீ கோபமாக எழுதினால்தான் எனக்குப் பிடிக்கிறது. அழுதுகொண்டு எழுதினால் பற்றிக்கொண்டு வருகிறது.

வேனில் ஏன் ஏறவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு யாரைத் திட்டலாம் என்று முடிவு செய்.

வேன் வரும் நாளில் எங்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். வயது, குழந்தைகள், கடைசி மாதவிலக்கு என்று போகும். எட்டாவது கேள்வி, "கருத்தடை மாத்திரை எடுத்திருக்கிறீர்களா? எத்தனை வருடமாக?" எழுதி முடித்ததும் டைம் கீப்பர் ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவர் முத்திரை வைத்தால்தான் அரைமணி நேரம் டூட்டியிலிருந்து விடுவிப்பார்கள். எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம். எந்தக் காலத்திலோ வண்டி எண் மாறி இரண்டு டிரைவர்களுக்குள் கைகலப்பு ஆனதாம். அன்றிலிருந்து ஜன்னலுக்கு உள்ளே போகும் எந்தக் காகிதத்தையும் டைம் கீப்பர் சத்தமாக வாசிக்க வேண்டும், கொடுத்தவர் "சரி" என்று சொல்ல வேண்டும். டூட்டிச் சீட்டுக்கு வைத்த விதி, பரிசோதனைப் படிவத்துக்கும் அப்படியே நடக்கிறது. இதற்கு வேண்டாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் எல்லாம் பெண்கள், அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் டைம் கீப்பர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கூடப் பிறந்தவர்தான்.

எட்டாவது கேள்விக்கு உண்மையை எழுதினால் அதை என் புருஷனே முப்பது பேர் கேட்கச் சத்தமாக வாசிப்பார். பொய் எழுதலாம் என்றால், வேனுக்குள் இருக்கும் டாக்டரம்மா ஏதாவது கண்டுபிடித்து, வெளியே வந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நெடுந்தூர டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அண்ணன் என்னைச் சுறுசுறுப்பானவள் என்று மெச்சிக்கொண்டு எழுதிக்கொடுத்தார். இதுதான் கதை. மாத்திரை எனக்குச் செய்தது கொஞ்சம். அதை மறைத்தது செய்ததுதான் அதிகம்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முப்பத்தாறு பொட்டலம் அனுப்பினாய். ஒவ்வொன்றிலும் ஒரு கடிதம். ஆய்வகத்துப் புது நுண்ணோக்கி, பக்கத்து மேஜைக்காரியின் வாய்த்தகராறு, உன் முடி கொட்டுவது, எல்லாம் எழுதினாய். பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அண்ணி என்று ஒரு வரி எழுதியதில்லை. இதே வேலையைப் பார்க்கிறவள் நீ. ஏன்?

உன் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. வைரஸ் என்று உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னதும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "நான் ஒருத்தரோடதான் வாழ்ந்திருக்கேன். நீங்கதான் சொல்லணும்" என்றேன். பிறகு வெகுநேரம் கழித்து அவராகவே ஒன்று சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன்னைப் பரிசோதித்துக்கொண்டாராம். குறை ஒன்றும் இல்லை என்றார்களாம், அவர் நம்பவில்லையாம். தன்னால்தான் மூன்றாவது பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொண்டு, அத்தை கொடுத்த டானிக்கை எல்லாம் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார். நானும் எதிரில் உட்கார்ந்து என் பங்கு டானிக்கைக் குடித்துவிட்டு, அரைமணி கழித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காக மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களை அப்படி நினைக்க விட்டது தப்புதான்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. உடனே, "அதையே அம்மா முன்னாடி சொல்லிடு" என்றார். அதுவும் இதுவும் ஒன்றில்லை. அவரை ஏமாற்றியது தப்பு. பிள்ளை பெறாமல் இருந்தது தப்பு இல்லை, வியாதி தண்டனையும் இல்லை. என் இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரித் தேதி மார்ச் 9. கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

ஏன் என்று கேட்டீர்கள். மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

எங்களுக்கு வரும் தகடோடு ஒரு படிவமும் வரும். மாத்திரை எடுத்தீர்களா என்ற கட்டத்தில் ஊர் ஊராக, கட்டுக் கட்டாக, "இல்லை" என்றுதான் இருக்கும். அத்தனை பேரும் எடுக்காமலா மருந்துக்கடையில் அட்டை அட்டையாக விற்கிறது என்று நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு அடுத்த தகட்டை எடுப்போம். அப்போதெல்லாம் உங்கள் முகம் ஒரு கணம் வரும். தள்ளிவிடுவேன்.

பயம்தான் அண்ணி. பரிசோதனைக்குப் போங்கள் என்று எழுதினால், முடிவு கெட்டதாக வந்தால், மாத்திரை வெளியே வரும், மாத்திரை வந்தால் நான் வருவேன். அம்மாவும் அண்ணனும் என்னை விட்டுவிடுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று நான் இந்த ஊருக்கு வந்தபோதே பாதி விட்டார்கள். மீதிப் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள நான் உங்களைப் பணயம் வைத்தேன். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் பழியைத் தலையில் போட்டுக்கொண்டதுகூட, நல்லவள் என்று பெயர் வாங்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் தெரிந்துதான் எடுத்தீர்கள் என்று அண்ணனுக்கு மறுபடி எழுதிவிட்டேன். அது உங்களுக்கு இன்னும் தொல்லையைக் கொடுக்கும். கொடுக்கட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும்.

அம்மா முன்னால் சொல்லுங்கள் என்று இனி கெஞ்ச மாட்டேன்.

விடுப்பு வாங்கிவிட்டேன். எட்டாம் தேதி அங்கே இருப்பேன். வீட்டுக்கு வர மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். கையெழுத்து வேண்டுமென்றால் நாத்தனார் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். நான் தயார்.

கண்ணாடி


மார்ச் 2

கண்ணாடி,

வா. பை தூக்க வா. பக்கத்தில் உட்கார வா. கையெழுத்துப் போட மட்டும் வராதே.

மாற்று உடை நீ வாங்கி வந்துவிடு, வீட்டில் இருந்து எடுத்தால் அத்தை எதற்கு என்று கேட்பார். பெண்கள் இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பெரியவள், "வலிக்குமா?" என்றாள். மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள் என்றேன். சின்னவள், "அப்போ பஸ் யார் ஓட்டுவாங்க?" என்றாள். என் மகள்.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டேன். ஆனால் கண் தகட்டில் இல்லை, இன்னும் அந்த அனுமதி மேஜையிலேயே இருக்கிறது.

நீங்கள் கேட்டால் அலட்டல் என்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். நாம் போய் நின்றபோது அந்த எழுத்தர் தலை நிமிராமல், "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றார். நீங்கள், "டூட்டியில இருக்கார். வெட்டப்போறது என் உடம்பு, நான் இங்கேதான் இருக்கேன்" என்றீர்கள். வழக்கம் அப்படி என்றார். சட்டம் அப்படியா என்றீர்கள். நீங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். "அறுபது உயிரை என் கையெழுத்தை நம்பித் தினமும் அனுப்புறாங்க. ஒரு உயிருக்குப் போதாதா?" என்று கேட்டீர்கள். பின்னால் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து பேனாவை உங்களிடம் நீட்டினார். இத்தனைக்கும் அந்த இடத்தில் "நோயாளி" என்று மட்டும்தான் அச்சடித்திருந்தது. வீட்டுக்காரர் என்று எங்குமே இல்லை. எத்தனை பெண்கள் அந்தக் கையெழுத்துக்காக வீட்டுக்குத் திரும்பிப் போனார்களோ.

உங்களை உள்ளே கொண்டுபோன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. மதியம் அண்ணன் வந்தான். மேலே வரவில்லை. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சீருடையோடு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இறங்கிப் போனேன். நன்றாக முடிந்தது என்று நான் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. வந்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவு வந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள், இப்போது உங்கள் போன் உங்கள் கையிலேயே இருப்பதில் சந்தோஷம். அறிக்கையை நானும் படம் பிடித்ததில் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் செல்கள் மேல்படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கின்றன. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, புற்றுநோய்தான். அந்த வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், உங்களுக்குப் பூசி மெழுகினால் பிடிக்காது. ஆனால் வெட்டிய ஓரங்கள் நாலாபக்கமும் சுத்தம். டாக்டர் சொன்னதுபோல இப்போதைக்கு இதற்குமேல் வெட்ட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று நினைக்கவே வேண்டாம்.

மாத்திரைக்குப் பதில் என்ன என்று டாக்டரிடம் பேசினீர்களா? என்ன முடிவு செய்தாலும் சரி. காரணம் கேட்க மாட்டேன்.

கண்ணாடி


செப்டம்பர் 18

அன்புள்ள கண்ணாடிக்கு,

காரணம் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன். காப்பர் டி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார், புண் ஆறியதும் வைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அத்தை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். உன் அண்ணன் எழவில்லை. இந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாத அத்தையோடு குடித்தனம் நடத்துவது ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவள் உடம்பு சூடாக இருந்தபோது என்னிடம் கேட்காமலேயே கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

நேற்று வேன் வந்தது. ஆறு மாதப் பரிசோதனையை எங்கே எடுத்தாலும் சரி, முடிவைக் கொண்டுவா என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம், அங்கே ஜன்னல் இல்லை, யாரும் எதையும் வாசிக்க மாட்டார்கள். நான் டெப்போவில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். நெடுந்தூர டூட்டி கேட்கவில்லை. காலையில் கிளம்பும்போதே உன் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்பதான் நிறுத்திட்டியே. இல்லைன்னு போட்டா பொய் ஆகாதே" என்றார். கேள்வி "எடுத்திருக்கிறீர்களா" என்றுதான் இருக்கிறது என்றேன். "என்னை அங்க உட்கார்ந்து வாசிக்க வைக்கப்போறியா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நானும் ஆறு வருடம் அதே பயத்தோடுதான் அந்த ஜன்னலைத் தாண்டிப் போனேன் என்றேன். அவர் முன்னால் போய்விட்டார்.

படிவத்தை ஓய்வறையில் உட்கார்ந்து நிரப்பினேன். எட்டாவது கேள்வி வந்ததும் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதே. வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர், பின்னால் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். கண்டக்டர்கள், டிக்கெட் பிரிவு, துப்புரவு, பணிமனையில் டயர் மாற்றுகிற அந்தத் தடித்த குரல் அம்மா. ஒவ்வொருவருடையதையும் அவர் வாசித்தார். எட்டாவது வந்ததும் எல்லாருக்கும் "இல்லை". இல்லை, சரி. இல்லை, சரி. முத்திரை விழுந்துகொண்டே இருந்தது.

என் முறை வந்தது. காகிதத்தை உள்ளே தள்ளினேன். பெயர் வாசித்தார், வயது வாசித்தார், குழந்தைகள் இரண்டு என்றார். ஏழாவது வரை வழக்கமான வேகம். எட்டாவதில் நின்றார். தலை நிமிரவே இல்லை. பின்னாலிருந்து யாரோ, சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள். தாண்டிப் போகலாம், முத்திரை வைத்துவிடலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் ஜன்னல் பலகையில் கையை ஊன்றிக்கொண்டேன். வாசிக்காமல் விட்டால் "சரி" சொல்லப்போவதில்லை என்று மனதில் இருந்தது.

"கருத்தடை மாத்திரை எடுத்திருக்கிறீர்களா. ஆமாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எத்தனை வருடமாக. ஒன்பது."

வேகமாகச் சொல்லவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. டூட்டிச் சீட்டு வாசிக்கும் அதே குரலில் சொன்னார். நான் "சரி" என்றேன். முத்திரை வைத்தார்.

எனக்கு அடுத்து டயர் பிரிவு அம்மா. அவர் படிவத்தை உள்ளே கொடுக்கவில்லை. என் சட்டைப் பையைக் காட்டி, "அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடு" என்றார். ஜன்னல் பலகையில் வைத்தே, எட்டாவது இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஆறு என்று போட்டார். அவருக்குப் பின்னால் இருந்த கண்டக்டர் பெண் பேனாவுக்குக் கை நீட்டினாள். முத்திரை வாங்கிக்கொண்டு வேனை நோக்கிப் போய்விட்ட இரண்டு பேர் திரும்பி வந்து, காகிதத்தை ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று உன் அண்ணனிடம் கேட்டார்கள்.

பேனா வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் வேனில் ஏறிப் படுக்கும்போதும் உன் அண்ணன் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம், மூன்று. ஆமாம், பதினொன்று. ஆமாம், ஏழு. ஆமாம், நான்கு.

அண்ணி